மஞ்சள் புள்ளி வைத்த மடையான்: இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சம்பள ஞாயிறு

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்வந்தேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, கம்பெனியும் கண்டெய்னர் லாரியும்தானே" என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். வாரம் முழுக்க அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துக் கண் பூத்துப்போவதால், ஞாயிறு வந்தால் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் போகிற தூரத்தில் ஏதாவது ஓர் ஏரியைத் தேடிப் போய்விடுவேன். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும்.

இந்த முறை போனதற்குக் காரணம் என் சித்தி மகன் ஜெபராஜ். சாத்தான்குளத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறான். டிசம்பர் கடைசியில் ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து கூப்பிட்டான். "யக்கா, இங்க ஏரிக்குள்ள மரம் பூரா கொக்கு கூடு கட்டிக் கெடக்கு. ஒரு ஆளு அதப் புடிச்சு விக்க வாரான். நாங்க ரூம்ல எல்லாரும் சேந்து மாசாமாசம் அம்புட்டையும் வெலைக்கி வாங்கிப் பறக்க விட்டுருதோம். நீங்க வந்து பாத்து உங்க பிளாக்ல எழுதுங்கக்கா." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கொக்கைக் கண்டால் குழம்பை நினைக்கிற குடும்பம் எங்களுடையது. அதில் இப்படி ஒரு பிள்ளையா! பஸ் ஏறுவதற்கு முன்பே பதிவுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். அந்தத் தலைப்பு குப்பைக்குப் போனது எப்படி என்பதுதான் இனி வருவது.

தாம்பரம் மேற்கிலிருந்து காலை 5.50க்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ். படப்பை, ஒரகடம் வழி. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பத்தரை ரூபாய். பாக்கி ஐம்பது காசை நடத்துனரிடம் எதிர்பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். படப்பைவரை வழக்கமான கடைத்தெருதான். ஒரகடம் தாண்டினால் வயலுக்கு நடுவே புதுக் கம்பிவேலி, வேலிக்குள் ஒரு பலகை, பலகையில் நிலத் தரகரின் செல்போன் எண். நெல் நின்ற நிலத்தில் எண்கள் நிற்கின்றன. ஆனாலும் போன மழை நன்றாகப் பெய்திருந்ததால் பிள்ளைப்பாக்கம் பக்கமெல்லாம் ஏரிகள் ததும்பிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் இட்லி நன்றாக இருந்தது, காபி குடிக்கும்படி இல்லை. அங்கிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸில் மூன்று ரூபாய் கொடுத்து, பத்து நிமிடத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கினேன். நெடுஞ்சாலையில் இறங்கும்போது கவனம். அங்கே லாரிகள் மனிதர்களுக்காக நிற்பதில்லை.

ஜெபராஜ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தான். ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறான். நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கூடவே அவனுடைய ரூம்மேட் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரன், வாய் ஓயாதவன். வெல்டிங் லைனில் வேலை; போன ஆகஸ்டில் வேலை நிரந்தரமாகிக் கன்ஃபர்ம் ஆனவன். இரண்டு சைக்கிளில் மூன்று பேருமாக ஏரிக்குப் போனோம். ஏரியின் பெயரையும் வழியையும் இந்த ஒரு பதிவில் எழுத மாட்டேன். பஸ் டிக்கெட் விலைவரை சொல்கிறவள் இதைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று திட்டாதீர்கள். கூடு இருக்கிற இடத்துக்கு இணையத்தில் வழி போட்டால், படித்துவிட்டு வருகிற எல்லாரும் பைனாகுலரோடுதான் வருவார்கள் என்று நிச்சயமில்லை.

ஏரிக்குள் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மரம் முழுக்கக் கூடுகள். உச்சியில் நீர்க்காகமும் வெள்ளைக் கொக்கும், அதற்குக் கீழே வக்கா என்கிற இராக்கொக்கு, இன்னும் கீழே மடையான். மடையானை, அதுதான் குருட்டுக் கொக்கை, நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குளத்தோரம் மண் நிறத்தில் உட்கார்ந்திருக்கும், எழுந்து பறந்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். கூடு கட்டுகிற காலத்தில் மட்டும் முதுகு அரக்கு நிறமாகும். கரையிலிருந்தே பார்த்தோம். கிட்டே போனால் பெரிய பறவைகள் கலைந்துவிடும், குஞ்சுகள் வெயிலில் வாடும்.

ஜெபராஜ் ஒரு தாழ்ந்த கிளையைக் காட்டினான். மூன்று குஞ்சுகள், முடி சிலுப்பிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. "தள்ளையும் தகப்பனும் மாறி மாறி ஷிஃப்ட் பாக்கும்க்கா. ஒண்ணு காவலுக்கு, ஒண்ணு மீனுக்கு. ஒண்ணு வராட்டா மத்தது ஓவர்டைம், அதான் ஓட்டி, பாக்கணும். நேத்து காலைலேந்து ஒண்ணுதான் வந்து போவுது. ஓட்டி எத்தன நாளைக்கு ஓடும், சொல்லுங்க." அப்படிப்பட்ட கூடு அது ஒன்று மட்டுமில்லை. ஒற்றைப் பறவை வந்து போகிற கூடுகளை அவன் எனக்குக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே வந்தான். "இன்னைக்குச் சம்பள ஞாயிறுல்லா. அதான் நேத்தே புடிச்சிருக்கான். நாம பதினொரு மணிக்கு வாங்கி இங்கயே விட்டுருவோம், தள்ள திரும்பிரும்" என்றான் நம்பிக்கையாக.

இந்தச் சம்பள ஞாயிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஏழாம் தேதி சம்பளம் போடுவார்கள், அதையொட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்களில் திருவிழா. டிரெய்னியாக இருந்து கன்ஃபர்ம் ஆனவன் அன்றைக்கு ரூமுக்கு ட்ரீட் வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கொஞ்ச நாளாக அந்த ட்ரீட்டில் கொக்கு வறுவல்தான் கௌரவம். பிராய்லர் வைத்தால் கஞ்சப்பயல் என்று பெயர் வரும். இசக்கிமுத்து கன்ஃபர்ம் ஆனபோது அவனும் ஒரு கூடைக் கொக்கு வாங்கி ரூமுக்குக் கொண்டுவந்திருக்கிறான். கூடையைத் திறந்ததும் அவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கியிருக்கின்றன. "யாரும் கத்தி எடுக்கலக்கா. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கோம். கடசில ஏரில விட்டுட்டு வந்து முட்டக் கொழம்பு வச்சோம்" என்றான் இசக்கி. அன்றிலிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு மாதாமாதம் வாங்கி விடுகிறார்கள். பக்கத்து ரூம்களும் சேர்ந்துவிட்டன.

விடுகிறபோது ஜெபராஜ் ஒரு காரியம் செய்வான். அவன் வேலை இன்ஸ்பெக்ஷனில். பார்த்துச் சரியென்று விட்ட ஒவ்வொரு பீஸிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும். பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதே கையோடு கொக்கின் காலிலும் ஒரு புள்ளி வைத்துத்தான் விடுவானாம். எதுக்கடா என்று கேட்டால், "கைப்பழக்கம்க்கா. புள்ளி வைக்காம ஒண்ண வெளிய விட்டா மனசு கேக்க மாட்டேங்கி" என்று சிரிக்கிறான்.

பதினொரு மணிக்கு ரூம்கள் இருக்கிற தெருமுனைக்கு வந்தோம். டீக்கடைக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் மொபெட்டை நிறுத்தியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், உள்ளூர்க்காரர். முன்பு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். பின்சீட்டில் மூன்று மூங்கில் கூடைகள், மேலே ஈரச் சாக்கு. "வாம்மா, ஊர்லேந்து வந்துகீறியா? தம்பிங்க தங்கமான பசங்க" என்று என்னை வரவேற்றார். ஜோடி நாற்பது ரூபாய். சாக்கை விலக்கினார். மடையான்களும் வக்காக்களும் நைலான் நூலால் இறக்கை கட்டப்பட்டுக் கிடந்தன.

நான் ஒரு மடையானை மெல்லத் தூக்கினேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. முதுகு அரக்கு நிறம். காலில் மஞ்சள் புள்ளி.

"அதுக்குள்ள புள்ளி வச்சிட்டியா?" என்றேன்.

"நான் இன்னும் பேனாவ வெளியவே எடுக்கலயக்கா" என்றான் ஜெபராஜ்.

இசக்கி கூடைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தான். அதன் காலிலும் புள்ளி. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. ஒரு மடையானின் காலில் இரண்டு புள்ளிகள், ஒன்று மங்கல், ஒன்று பளிச். "ஏல, இது ரீவொர்க் பீஸுல்லா!" என்றான் இசக்கி, கம்பெனியில் திரும்பி வந்து மறுபடி புள்ளி வாங்குகிற பீஸைச் சொல்கிற பழக்கதோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை.

ஜெபராஜ் ஏகாம்பரத்திடம் அந்தக் காலைக் காட்டினான். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா தம்பி, இதுக்குப் போயி இப்டி பாக்குற? நீங்க உடுற எடம் எனக்குத் தெரியாதா? ரெக்கைல நாலு எறகப் புடுங்கிட்டா அது எங்க போவும்? கரையோரமே குந்திகினு கீது. அடுத்த சம்பளத்துக்கு மின்ன அள்ளிகினு வரேன். ஓட்டல்காரன் அஞ்சு ரூபாக்கு அர மணி நேரம் பேஜார் பண்ணுவான். நீங்க பேரமே பேச மாட்டீங்க. மின்ன மாசத்துக்கு ஒரு கூடைதான் போவும். இப்ப மூணு கூடை. நீங்கதாம்பா நம்ம பெரிய பார்ட்டி."

நக்கலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் நன்றியோடு சொன்னார். ஜெபராஜின் முகம் செத்துப்போனது. விட்டதும் பறக்காமல் கரையோரம் குந்தியவை பயம் தெளியாமல் உட்கார்ந்திருக்கின்றன என்றே அவன் நினைத்திருந்தான். ஐந்து மாதமாக ஓட்டி பார்த்த காசைப் போட்டு இந்தப் பிள்ளைகள் வளர்த்தது ஏகாம்பரத்தின் வியாபாரத்தை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நானும் அந்தக் கூடையைப் பார்த்த மாத்திரத்தில் பர்ஸைத் திறந்தவள்தான்.

டீக்கடையின் மறுபக்கம் ஒதுங்கினோம். "இந்த ஒரு தடவ மட்டும் வாங்கிருவோம்க்கா. கூட்டுல குஞ்சு கெடக்குல்லா" என்றான் ஜெபராஜ். கிட்டத்தட்டக் கெஞ்சினான். "வாங்கினா அடுத்த மாசம் நாலு கூடைல. எறகு இல்லாதத எங்க கொண்டு விடுவ?" என்றான் இசக்கி. வனத்துறைக்குப் போன் செய்யலாம் என்றேன். வனச் சரக அலுவலகத்தின் நம்பர் என் பையில் இருந்தது. ஏரி பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் வைத்திருக்க வேண்டிய நம்பர் அது. அப்போதுதான் ஜெபராஜ் கேட்டான்: "வாங்குதவனும் குத்தவாளிதானக்கா?" ஆமாம், சட்டப்படி வாங்குவதும் குற்றம்தான். அவனுக்கு அடுத்த மாதம் கன்ஃபர்மேஷன். பேரில் ஒரு கேஸ் இருந்தால் கம்பெனி யோசிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடும். நான் பேசுகிறேன், நீ விலகி நில் என்றேன். அவன் ஒரு ரூபாய்க் காசை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எடுத்தார்கள். ஒரு வனவர் பேசினார். ஜெபராஜ் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான், தாங்கள் வாங்கியதையும் சேர்த்து. அவர் கேட்டது சுருக்கமாக இருந்தது. எந்த இடம், என்ன பறவை, எத்தனை இருக்கும், ஆள் இன்னும் நிற்கிறாரா, வண்டி நம்பர் என்ன. பேர் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம் என்றாராம். ஆளைப் பிடித்து வைக்காதே, சண்டை போடாதே, கூட்டம் சேர்க்காதே, காசு கொடுக்காதே. ஜீப் வர ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு மணி நேரம்! சண்டையும் போடாமல் வாங்கவும் செய்யாமல் ஒரு வியாபாரியை எப்படி நிறுத்திவைப்பது? இசக்கிக்கு அந்த யோசனை வந்தது. "பேரம் பேசுவோம்ல. இத்தன நாளு பேசாததுக்கும் சேத்துப் பேசுவோம்." நான் ரங்கநாதன் தெருவில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் இசக்கியிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, இது என்ன இப்பிடி மெலிஞ்சு கெடக்கு? சோறு கீறு போட்டீயளா இல்லியா?"

"இன்னாபா பேசுற? ஏரில மேயுற கொக்குக்கு நான் மெஸ் வச்சு சோறா போட முடியும்?"

"சரி, ஜோடி பத்து ரூவா."

"பத்தா! நூலுக்கே ஆவாது நைனா."

"அப்ப நூல நீங்க வச்சிக்கிடுங்க. நூல் இல்லாம என்ன வெல?"

பதினைந்து, பதினேழு என்று ஏறி, மறுபடி பன்னிரண்டுக்கு இறங்கினான். வக்காவுக்குத் தனி விலையா, மொத்தமாக எடுத்தால் கூடை இலவசமா, அடுத்த மாதம் கடன் உண்டா. ஏகாம்பரம் இரண்டு டீ குடித்தார், இரண்டும் இசக்கி கணக்கில். நாற்பது நிமிடம் அப்படியே ஓடியது.

அப்போது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. சாலையோர ஓட்டல்காரர் ஒருவர். இறங்காமலேயே "ரெண்டு ஜோடி குடுப்பா, ஆளுங்க வந்து குந்திகினு கீறாங்க" என்று நோட்டை நீட்டினார். ஏகாம்பரம் கூடையில் கைவிட்டு நான்கை எடுத்து ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்று அந்த இரண்டு புள்ளி மடையான். இன்னும் கொஞ்சம் காசு அதிகமாகச் சொன்னால் நிறுத்திவிடலாம். ஜெபராஜின் கை சட்டைப் பைக்குப் போனது. வாங்கட்டுமே என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. அவன் பணத்தை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தான். பைக் திரும்புவதற்குள் அதன் நம்பரை உள்ளங்கையில் மஞ்சள் மையில் எழுதிக்கொண்டான். பிறகு டீக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். இருபத்திரண்டு வயசுப் பையன், பட்டப்பகலில், தெருவில்.

ஜீப் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. வனவரும் இரண்டு காவலர்களும். ஏகாம்பரம் ஓடவில்லை. "யாரு சார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். "ரோந்து வந்தோம்" என்றார் வனவர், எங்கள் பக்கம் திரும்பாமலேயே. ஜெபராஜ் தள்ளி நின்று உள்ளங்கையை விரித்துக் காட்ட, ஒரு காவலர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு டீக்கடைக்காரரின் வண்டியில் கிளம்பினார். ஓட்டலில் மூன்று பறவைகள் உயிரோடு கிடைத்தன. நான்காவதை அதற்குள் அறுத்துவிட்டிருந்தார்கள். அது இரண்டு புள்ளி வைத்தது.

ஜீப்பில் ஏறும்போது ஏகாம்பரம் இசக்கியைப் பார்த்து, "நீங்க வாங்கலன்னா நான் பாட்டுக்கு மீன் புடிச்சிகினு இருந்திருப்பேன்" என்றார். பாதி சாக்கு, பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் எங்களைக் குத்தியது.

இரண்டு மணிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். எங்கே என்ன வைத்திருக்கிறார் என்று ஏகாம்பரமே காட்டினார். தண்ணீரோரம் நெடுகக் குச்சி நட்டு நைலான் கண்ணிகள். நடுவே ஒரு மடையானைக் காலில் கட்டி உட்காரவைத்திருந்தார், மற்றவை நம்பி வந்து இறங்குவதற்காக. வனவர் சொன்ன பிறகு நாங்களும் சேர்ந்து கண்ணிகளைப் பிடுங்கினோம். இறகு முழுதாக இருந்த பறவைகளை அங்கேயே விட்டார். இறகு பிடுங்கப்பட்டவற்றை எங்களிடம் தரவில்லை. "பறக்க முடியாதத வெளிய உட்டா அதுக்குப் பேரு விடுதலை இல்ல தம்பி. எறகு மொளைக்கட்டும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "வாங்கினது தப்புதான். இனிமே வாங்காதீங்க. ஆனா நீங்க கூப்புடலன்னா எனக்கு இந்த எடமே தெரிஞ்சிருக்காது" என்று அவர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான்.

விட்ட பறவைகளில் ஒன்று நேராகக் கருவேல மரத்துக்குப் போனது. காலையில் ஜெபராஜ் காட்டிய தாழ்ந்த கிளைக்குத்தான் போனதா, பக்கத்துக் கிளைக்கா என்று பைனாகுலரில்கூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. குஞ்சுகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அதே கூடு என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் பார்க்காததை எழுத மாட்டேன்.

மாலை ஐந்தரைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கம் ஏரி பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இப்போது மெயில் எழுதிக் கேட்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் கடைசி முதல் மார்ச்வரை நல்ல காலம். காலை ஏழு மணிக்குள் கரைக்குப் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. கூட்டுக்குக் கிட்டே போய்ப் படமெடுக்காதீர்கள். படம் எடுத்தாலும் ஊர்ப் பெயரை இணையத்தில் போடாதீர்கள்.

யாராவது உயிரோடு கொக்கோ கிளியோ ஆமையோ கூடையில் வைத்து விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். தின்பதற்கும் வேண்டாம், வளர்ப்பதற்கும் வேண்டாம், விடுவிப்பதற்கும் வேண்டாம். மூன்றாவதுதான் கஷ்டம். நம்மைப் போன்ற இளகிய மனசுக்காரர்களை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. வனத்துறைக்குக் கூப்பிடுங்கள். போகிற ஊருக்கு எந்தச் சரக அலுவலகம் என்று முன்கூட்டியே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இடம், நேரம், வண்டி நம்பர், என்ன பறவை, இவ்வளவு போதும். ஏரியில் கண்ணியைப் பார்த்தால் நீங்களாகப் பிடுங்காமல் இடத்தைச் சொல்லுங்கள், அது சாட்சி. முதல் தடவை யாரும் வராவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். எழுதியும் போடுங்கள். ஓட்டலில் "ஸ்பெஷல்" என்று கொக்கு, காடை என்று மெல்லிய குரலில் சொன்னால், வேண்டாம் என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். இதற்குக் காசும் செலவில்லை.

இசக்கிமுத்து தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறான். கன்ஃபர்ம் ட்ரீட்டில் கொக்கு வைக்கிறவன் ரூமுக்கு யாரும் சாப்பிடப் போவதில்லை என்று தெருவில் பேசி முடித்துவிட்டான். ரூம் ரூமாகப் போய் மஞ்சள் புள்ளிக் கதையைச் சொன்னானாம். அவன் வாய்க்கு அது ஒரு வார வேலைதான். பிராய்லர் வைக்கிறவனுக்கு இப்போது கஞ்சப்பயல் பட்டம் கிடையாது. ஏ, பி, சி மூன்று ஷிஃப்டிலும் ஏரி வழியாகச் சைக்கிளில் போகிறவர்கள் கரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஏகாம்பரத்தின் மேல் கேஸ் நடக்கிறது. இப்போதைக்கு மீன் விற்கிறாராம். அந்த மீனை முதலில் போய் வாங்கியது ஜெபராஜ்தான்.

இதை எழுதி முடித்துப் பதிவேற்ற பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பும்போது அவனிடமிருந்து போன் வந்தது. நேற்று பிப்ரவரிச் சம்பள ஞாயிறு. கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்துவிட்டது என்று முதலில் சொல்வான் என்று நினைத்தேன். அதைக் கடைசியில்தான் சொன்னான். குஞ்சுகள் கிளையைவிட்டு இறங்கித் தண்ணீரோரம் மீன் பிடிக்கப் பழகுகின்றனவாம். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை எல்லாருமாகத் தெருமுனையில் நின்று பார்த்தார்களாம். கூடை வரவில்லை, வேறு யாரும்கூடக் கொண்டுவரவில்லை.

"யக்கா," என்றான், சந்தோஷத்தில் குரல் உடைந்து. "இந்த மாசம் நாங்க ஒரு கொக்கக்கூடக் காப்பாத்தலக்கா."